எந்தத் தூரம்? ஒரு வடிவியல்காரரின் முப்பது வருஷக் கதை

1/
இன்னைக்கு சுகர், பிரஷர், டயட் எதுவும் இல்லை. கணக்குப் பாடம்! ஓடிடாதீங்க. புள்ளி, கோடு, தூரம்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்த ஒரு பேராசிரியர், "கம்ப்யூட்டர் எடுக்கிற முடிவால யாருக்கு அநியாயம் நடக்குது?" என்ற கேள்விக்கு வந்து சேர்ந்த வரலாறு இது. இழை கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க.

2/
அவர் பெயர் சுரேஷ் வெங்கடசுப்பிரமணியன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பி.டெக். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1999-இல் முனைவர் பட்டம். இப்போது பிரவுன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருடைய துறை கம்ப்யூட்டேஷனல் ஜியோமெட்ரி, தமிழில் கணக்கீட்டு வடிவியல். காரைக்கால்ல ஓ.பி. பார்க்கிற டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? நம்ம ஊர் வரைபடத்தைப் பாருங்க, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

3/
புதுச்சேரி யூனியன் பிரதேசம் நாலு துண்டு. புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம். காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இணைந்தது. கோடு மட்டும் அப்படியே நின்னுடுச்சு. கிழக்கே கடல். மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு.

4/
இப்ப ஒரு கேள்வி. பொறையார்ல ஒருத்தருக்கு நெஞ்சுவலி. பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எது? அவருடைய மாவட்டத் தலைநகர் மயிலாடுதுறை. ஆனா ரோட்டுல பார்த்தா காரைக்கால்தான் பக்கம். அதே சமயம் அவர் கையில இருக்கிறது தமிழ்நாட்டு ரேஷன் கார்டு, தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை. காரைக்கால் ஆஸ்பத்திரியோ வேற அரசாங்கத்துடையது.

5/
ஆக, ஒரே மனுஷனுக்கு மூணு தூரம். பறவை பறக்கிற தூரம். ஆறு, பாலம், ரயில்வே கேட் எல்லாம் சுத்திப் போற ரோட்டுத் தூரம். கார்டும் கையெழுத்தும் கேக்கிற காகிதத் தூரம். "எது பக்கம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லணும்னா, "எந்தத் தூரத்தால அளக்கிறீங்க?"ன்னு முதல்ல கேக்கணும். இந்த இழை முழுக்க இந்த ஒரு கேள்வியைப் பத்தித்தான்.

6/
எங்க மருத்துவத்துறைல இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டவர் லண்டன் டாக்டர் ஜான் ஸ்நோ. 1854-இல் சோஹோ பகுதியில் காலரா. 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி அவை குவிந்திருப்பதை அவர் காட்டியது எல்லோருக்கும் தெரிஞ்ச கதை. அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கு.

7/
1855-இல் வந்த விசாரணைக் குழு அறிக்கையில் ஸ்நோ வரைபடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டார். அந்தக் கோட்டில் நிற்பவருக்கு பிராட் தெரு பம்பும் பக்கத்துப் பம்பும் சம தூரம். கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்கு பிராட் தெரு பம்புதான் பக்கம். ஸ்கேல் வச்சு நேர்கோட்டில் அவர் அளக்கலை. தெரு வழியா நடக்கிற தூரத்தை அளந்தார். குடம் தூக்கிட்டு யாரும் பறந்து போக மாட்டாங்களே!

8/
இந்த மாதிரி "யாருக்கு எது பக்கம்"னு நிலத்தைத் துண்டு போடுற வரைபடத்துக்கு வோரனோய் வரைபடம்னு பேர். இதைப் பத்தி 1908-இல் கட்டுரை எழுதிய ஜார்ஜி வோரனோய் என்ற கணித அறிஞரின் பெயர். அடிபம்பு, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், செல்போன் டவர், எதை வச்சும் வரையலாம். பத்துப் புள்ளின்னா கையால வரைஞ்சிடலாம். லட்சம் புள்ளின்னா?

9/
அங்கேதான் கம்ப்யூட்டர் வருது. ஒரு லட்சம் புள்ளிகளில் மிக நெருக்கமான இரண்டைக் கண்டுபிடிக்கணும். எல்லா ஜோடியையும் அளந்தா சுமார் 500 கோடி அளவீடு. 1975-இல் மைக்கேல் ஷாமோஸ், டான் ஹோய் என்ற இருவர் புள்ளிகளைப் பாதி பாதியாகப் பிரித்து வேலையைச் சுருக்கும் வழியைக் காட்டினார்கள். அந்த வழியில் வேலை லட்சத்தைப் பதினேழால் பெருக்கிய அளவில்தான் வளரும். 500 கோடி எங்கே, சில பத்து லட்சம் எங்கே!

10/
ஷாமோஸின் 1978 யேல் பல்கலைக்கழக ஆய்வேட்டின் தலைப்பே கம்ப்யூட்டேஷனல் ஜியோமெட்ரி. 1985-இல் அவரும் பிராங்கோ பிரெபராட்டாவும் எழுதிய பாடநூல் வந்தது. அதே வருஷம் இந்தத் துறையின் ஆண்டு மாநாடும் தொடங்கியது. ரோபோ முட்டாமல் நகர, மேப் ஆப் வழி காட்ட, அனிமேஷன் படம் வரைய என்று எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கு. சுரேஷ் நுழைந்தது இப்படி வளர்ந்த துறையில்.

11/
அவருடைய ஆரம்ப கால வேலை நேரா எங்க ஏரியாவுக்குள்ள வருது: மருந்து! முனைவர் ஆய்வு, வடிவங்களைப் பொருத்திப் பார்ப்பதும் மருந்து வடிவமைப்பும் பற்றியது. உங்க வீட்டு மாத்திரை டப்பாவை எடுங்க. பிரஷருக்கு எனலாப்ரில் இருக்கலாம், ராமிப்ரில் இருக்கலாம். இரண்டும் வேற மூலக்கூறு. ஆனா ஏ.சி.இ. என்ற ஒரே நொதியில் போய் உட்காருது. எப்படி?

12/
பூட்டும் சாவியும் மாதிரி. சாவியின் கைப்பிடி எப்படி இருந்தாலும், பல் சரியா இருந்தா பூட்டு திறக்கும். மூலக்கூறிலும் சில முக்கியமான இடங்கள், குறிப்பிட்ட இடைவெளியில், குறிப்பிட்ட கோணத்தில் இருக்கணும். அந்த முப்பரிமாண அமைப்புக்கு பார்மகோஃபோர் என்று பெயர். அதைக் கண்டுபிடிச்சிட்டா, அதே பல் வச்ச புதுச் சாவியைத் தேடலாம்.

13/
சிக்கல் என்னன்னா, மூலக்கூறு கல்லு மாதிரி அசையாம இருக்காது. முறுக்கும், மடங்கும். ஒவ்வொன்னுக்கும் எத்தனையோ தோற்றம். அஞ்சாறு மூலக்கூறுகள், ஒவ்வொன்றின் எத்தனையோ தோற்றங்கள், எல்லாத்துக்கும் பொதுவான அந்த நாலஞ்சு புள்ளி அமைப்பு எது? ஒவ்வொன்னா ஒப்பிட்டுப் பார்த்தா ஆயுசு போதாது.

14/
1997-இல் கணக்கீட்டு வடிவியல் மாநாட்டில் இதுக்கு ஒரு வழி சொல்லும் கட்டுரை வந்தது. ஜான்-குளோட் லாட்டோம், ராஜீவ் மோட்வானி, லிடியா கவ்ராகி ஆகியோருடன் மாணவரான சுரேஷும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். எல்லாத்தையும் பார்க்காம, சீட்டுக் குலுக்கி எடுக்கிற மாதிரி மாதிரிகளை எடுத்துப் பார்த்தே பொது அமைப்பைப் பிடிக்கும் முறை. அடியில் இருக்கும் கேள்வியைக் கவனிங்க: "இந்த இரண்டும் ஒரே மாதிரியா?"

15/
படிப்பு முடிந்து ஏ.டி. அண்ட் டி. ஆராய்ச்சிக் கூடத்தில் சில வருஷம், பிறகு 2007-இலிருந்து யூட்டா பல்கலைக்கழகம். அங்கேயும் அதே கேள்விதான், ஆனா இப்ப மூலக்கூறுக்குப் பதில் தரவு. இரண்டு படம், இரண்டு கட்டுரை, இரண்டு மனிதர்களின் பதிவுகள் எவ்வளவு நெருக்கம்? கம்ப்யூட்டருக்கு "ஒத்திருக்கிறது" என்றால் "தூரம் குறைவு" என்று அர்த்தம். அவ்ளோதான்.

16/
நமக்குத் தெரிஞ்ச தூரத்துக்கு இரண்டு நல்ல குணம் உண்டு. போற தூரமும் வர்ற தூரமும் சமம். நடுவுல இன்னொரு ஊர் வழியா சுத்திப் போனா தூரம் குறையாது. 2012-இல் சுரேஷும் இரு சகாக்களும் இந்த இரண்டு குணமும் இல்லாத தூரங்களில் "பக்கத்தில் இருப்பது எது?" என்று வேகமாகத் தேடுவது எப்படி என்று எழுதினார்கள். தரவு அறிவியலில் அப்படிப்பட்ட தூரங்கள் நிறைய உண்டு.

17/
விசித்திரமா இருக்கா? ஒருவழிப் பாதை இருக்கிற ஊர்ல கடைக்குப் போற தூரம் ஒன்னு, வர்ற தூரம் வேற ஒன்னு. இங்கே பழகிக்க வேண்டிய பாடம் இதுதான்: தூரம் என்பது வானத்திலிருந்து விழுந்தது இல்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேவைக்காக, "இதைத் தூரம்னு வச்சுக்குவோம்"னு தேர்ந்தெடுக்கிறார். தேர்வு மாறினா பக்கத்தில் இருப்பவர் மாறுவார்.

18/
இந்தக் காலத்தில்தான் அல்காரிதங்கள் மனிதர்களை எடைபோட ஆரம்பிச்சது. யாருக்குக் கடன், யாருக்கு வேலை, யாருக்கு ஜாமீன். 2012-இல் சிந்தியா டுவொர்க்கும் சகாக்களும் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள்: ஒரே மாதிரியான நபர்களை ஒரே மாதிரி நடத்தணும். கேக்க நல்லா இருக்கு. ஆனா "ஒரே மாதிரி"ன்னு யார் சொல்றது? எந்தத் தூரத்தால? கேள்வி நேரா வடிவியல்காரர் வீட்டுக் கதவைத் தட்டுது.

19/
2015-இல் சுரேஷும் நான்கு சகாக்களும் எழுதிய கட்டுரை பெரிய கவனம் பெற்றது. அமெரிக்க வேலைவாய்ப்பில் 1978 முதல் 80 சதவீத விதி என்று ஒன்று உண்டு. 100 ஆண்களில் 50 பேருக்கும், 100 பெண்களில் 30 பேருக்கும் வேலை கிடைத்தால், 30-க்கு 50 என்பது 60 சதவீதம். 80-க்குக் குறைவு. உள்நோக்கம் இல்லேன்னாலும் விளைவு பாரபட்சம்னு சந்தேகப்படலாம்.

20/
"எங்க மென்பொருள்ல ஆணா பெண்ணா, என்ன இனம்னு எதுவும் கேக்கவே இல்லையே!"ன்னு கம்பெனி சொல்லலாம். கட்டுரை அதுக்கு ஒரு பரிசோதனை சொன்னது. மறைத்த அந்த விவரத்தை மற்ற விவரங்களிலிருந்து ஊகிக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா, பாரபட்சத்துக்கு வழி திறந்துதான் இருக்கு. நம்ம ஊர் பாஷைல: ஜாதி கேக்கலை, ஆனா தெருப்பேர் கேட்டோம். தெருப்பேர் தெரிஞ்சா மிச்சம் தெரியாதா என்ன?

21/
அடுத்த வருஷம், 2016-இல், சோரல் ஃப்ரீட்லர், கார்லோஸ் ஷைடகர் ஆகியோருடன் இன்னொரு கட்டுரை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மூன்று வெளிகளைக் கற்பனை பண்ணிக்கச் சொல்றாங்க. முதல் வெளியில் உண்மையான குணங்கள்: அறிவு, நேர்மை, ஒருவருக்கு இருக்கும் நோயின் தீவிரம். இதை நேரடியாப் பார்க்க முடியாது. இரண்டாவது வெளியில் நாம் அளந்தவை: மார்க், சம்பளம், ஆஸ்பத்திரி பில். மூன்றாவது வெளியில் முடிவுகள்.

22/
முதல் வெளியில் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற இரண்டு பேர், இரண்டாவது வெளிக்கு வரும்போது தள்ளிப் போயிடலாம். ஈர வேட்டியைத் தாறுமாறா இழுத்துக் காயப்போட்டா கரை கோணும் இல்லையா, அப்படி. அதுவும் ஒரு குழுவுக்கு மட்டும் அதிகமா கோணினா? அல்காரிதம் பார்க்கிறது கோணிய வேட்டியைத்தான். அது நியாயமாத்தான் கணக்குப் போடும். விடை மட்டும் அநியாயமா வரும்.

23/
அதனால நியாயம்னு பேசுறதுக்கு முன்னாடி, ஒவ்வொருத்தரும் ஒரு நம்பிக்கையை எடுத்துக்கிறாங்கன்னு அந்தக் கட்டுரை சொல்லுது. ஒன்று, அளந்ததுதான் உண்மை. இன்னொன்று, குழுக்களுக்கிடையே அடிப்படையில் வித்தியாசம் இல்லை, அளவீட்டில் தெரிவது கோணல். தரவை மட்டும் பார்த்து எது சரின்னு நிரூபிக்க முடியாது. ஒன்றைத் தேர்வு செய்து, அதை வெளிப்படையாச் சொல்லணும்.

24/
ஏட்டுச் சுரைக்காய்னு நினைக்காதீங்க. 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த வேறொரு குழுவின் ஆய்வு. ஸியாத் ஓபர்மேயரும் சகாக்களும் எழுதியது. அந்தக் குழுவில் செந்தில் முல்லைநாதனும் ஒருவர், தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போன பொருளியலாளர். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் "யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை"ன்னு சொல்லும் ஒரு மென்பொருளை ஆராய்ந்தார்கள்.

25/
மென்பொருள் நோயை அளக்கலை. வரும் வருஷத்தில் எவ்வளவு செலவாகும்னு கணிச்சது. செலவு அதிகம்னா நோய் அதிகம்னு எடுத்துக்கிச்சு. ஆனா அதே அளவு நோய் இருந்தும் கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்பட்டது குறைவு. அதனால அவங்க "ஆரோக்கியமா" தெரிஞ்சாங்க. அந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் உதவி பெறுவோரில் அவர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமா உயரும்னு ஆய்வு கணக்கிட்டது. முதல் வெளி, இரண்டாவது வெளி, கோணிய வேட்டி. அப்படியே கண் முன்னாடி.

26/
நம்ம கரைக்கு வாங்க. கிளிஞ்சல்மேட்டில் ஒரு மீனவர்னு வச்சுக்குங்க. சுகர் இருக்கு. படகு ஓடுற மாசங்கள்ல ஆஸ்பத்திரிப் பக்கம் வர நேரமில்லை. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலத்தில்தான் வர முடியுது. "எத்தனை தடவை வந்தார்"னு பார்த்து ஆபத்தை எடைபோடுற மென்பொருளுக்கு அவர் ரொம்ப நல்லா இருக்கார். கால் புண்ணு அழுகி வர்ற வரைக்கும்.

27/
பொறையார்க்காரரையும் பாருங்க. பாதிப் பதிவு தமிழ்நாட்டில், பாதி காரைக்காலில். இரண்டும் ஒன்றோடொன்று பேசாவிட்டால், ஒவ்வொரு பக்கத்திலும் அவருக்குப் பாதி நோய்தான். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோடு கம்ப்யூட்டருக்குள்ளேயும் ஓடும். காசநோய்த் தேடலில் கையடக்க எக்ஸ்ரேயும் படத்தை வாசிக்கிற ஏ.ஐ.யும் நம்ம நாட்டில் வந்தாச்சு. நல்ல விஷயம்தான். இதைப் பத்திப் பேச நேரமும் இதுதான்.

28/
2019-இல் சுரேஷ் சமூகவியல், சட்டம் படித்தவர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஐந்து பொறிகளைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று: ஒரு ஊருக்குச் செய்த தீர்வை இன்னொரு ஊரில் அப்படியே நட்டு வைப்பது. விவசாயம் பண்றவங்களுக்கு இது புதுசா என்ன? மேட்டு நிலத்து நெல்லைக் கடைமடையில் நட்டா என்ன ஆகும்னு அரசலாற்றுக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

29/
2021-இல் பிரவுன் பல்கலைக்கழகம். அதே வருஷம் அமெரிக்க அதிபரின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை அலுவலகத்தில், அறிவியலும் நீதியும் சார்ந்த பொறுப்பு. 2022 அக்டோபரில் வெளியான ஏ.ஐ. உரிமைகள் சாசன வரைவை எழுதியவர்களில் அவர் ஒருவர். மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்தவர், வெள்ளை மாளிகைக்காக உரிமைகளை எழுதிக்கொண்டிருந்தார்.

30/
அதில் ஐந்து கொள்கை. கருவி பாதுகாப்பானதா, வேலை செய்யுதான்னு சோதிச்சிருக்கணும். பாரபட்சம் கூடாது. தனிப்பட்ட விவரங்களுக்குக் காவல் வேணும். முடிவெடுக்கிறது இயந்திரம்னு சொல்லணும், காரணமும் சொல்லணும். வேண்டாம்னா ஒரு மனுஷர்கிட்ட போக வழி இருக்கணும். அந்த ஆவணத்துக்குச் சட்ட வலு கிடையாது. ஆட்சி மாறினால் இது போன்றவை ஓரமாப் போகலாம். ஆனா கேள்விகள் எழுத்தில் பதிஞ்சாச்சு. நம்ம ஐ.சி.எம்.ஆர். 2023-இல் வெளியிட்ட மருத்துவ ஏ.ஐ. நெறிமுறைகளிலும் சமத்துவம், பாரபட்சமின்மை பற்றிப் பேசப்பட்டிருக்கு.

31/
இந்த வரலாற்றில் எனக்குப் பட்டதைச் சொல்றேன். அவர் கணக்கை விட்டுட்டு நியாயம் பேசப் போனார்னு சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தெரியலை. "எந்தத் தூரம்?" என்ற ஒரே கேள்வியைத்தான் மூலக்கூறிடம் கேட்டார், தரவிடம் கேட்டார், கடைசியில் அதிகாரத்திடம் கேட்டார். ஸ்நோ ஸ்கேலைக் கீழே வச்சுட்டுத் தெருவுல நடந்த தூரத்தை அளந்ததும் இதே வேலைதான்.

32/
காரைக்கால் என்.ஐ.டி. 2010-இல் வந்தது, ஜிப்மர் கிளை 2016-இல். கோடு போடக் கற்றவங்களும், கோட்டுக்கு இரண்டு பக்கத்து நோயாளியையும் பார்க்கிறவங்களும் ஒரே ஊர்ல இருக்கோம். தம்பி, தங்கைகளே, உங்க பாடத்திட்டத்துல வோரனோய் வரும்போது வெறும் மார்க்குக்காகப் படிக்காதீங்க. பொறையார் நோயாளிக்கும் காரைக்கால் நோயாளிக்கும் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்க. நேர்கோட்டில் ஒன்னு, ரோட்டில் ஒன்னு, காப்பீட்டு அட்டையில் ஒன்னு. மூணும் மூணு மாதிரி வரும்.

33/
மத்தவங்களுக்கு ஒரு கேள்வி கைவசம் இருக்கட்டும். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்"னு லோன்லயோ, காப்பீட்டுலயோ, ஆஸ்பத்திரிலயோ யாராவது சொன்னா, மரியாதையா ஒன்னு கேளுங்க: "எதை அளக்கணுமோ அதுக்குப் பதிலா எதை அளந்தீங்க?" பதில் தெரியலைன்னா, தெரிஞ்சவர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிச்சிட்டு வந்து பதில் சொல்றேன்.